எண்ணாமல் விட்ட பிளாக்குகள்: என்.பி.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

என்.பி.ஏ. கமிஷனர் ஆடம் சில்வர் அவர்களுக்கும், அங்கே ஆட்டக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆடியவன் இல்லை. உங்கள் நாட்டுக்கு வந்ததும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊரில், கோடை விடுமுறையில் ஃப்ளட்லைட் போட்டு நடத்தும் கூடைப்பந்துப் போட்டிகளில் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன். உங்கள் ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து, வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறவன். கணக்கு எழுதுகிற ஒருவன் கணக்கு எழுதுகிற மற்றவர்களிடம் பேசுகிறான் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தின் நடுவே திரையில் அடிக்கடி ஒரு பட்டியல் வரும்: எல்லாக் காலத்துக்கும் சேர்த்து அதிக பிளாக் செய்தவர்கள், அதாவது எதிராளி ரிங்கை நோக்கி எறிந்த பந்தைக் கையால் தடுத்தவர்கள். முதலிடத்தில் ஹக்கீம் ஒலாஜுவான், 3,830. அவருக்குக் கீழே பெரிய பெரிய பெயர்கள். அந்தப் பட்டியலில் அறுபதுகளின் பெரிய ஆட்டக்காரர் பில் ரஸ்ஸல் இல்லை. அவரோடு மோதிய வில்ட் சேம்பர்லினும் இல்லை. எத்தனையாவது பக்கம் வரை போனாலும் இருக்க மாட்டார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். 1973-74 சீசனில்தான் நீங்கள் பிளாக்கை எண்ணத் தொடங்கினீர்கள். ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். வில்ட் உங்கள் லீக்கில் கடைசியாக ஆடியது 1973 மே மாதம். நீங்கள் எண்ண ஆரம்பித்தது அதே வருஷம் அக்டோபரில். ஐந்து மாத இடைவெளி!

பட்டியலின் அடியில் எங்காவது பொடி எழுத்தில் இதைச் சொல்லியிருப்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் திரைக்கு வரும்போதும், கைபேசிகளில் சுற்றும்போதும் அந்தப் பொடி எழுத்து உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது வேறு இரண்டு எண்கள்: வில்ட் ஆட்டத்துக்கு 30.1 பாயிண்ட், ரஸ்ஸல் 15.1. இதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பையன்கள்கூட என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். ‘சரியா பாதிதானே அண்ணா, இதுல பேச என்ன இருக்கு?’ என்கிறார்கள். பேச நிறைய இருக்கிறது.

வில்ட் 7 அடி 1 அங்குலம். பள்ளிக் காலத்தில் ஓட்டமும் தாண்டுதலுமாகத் திரிந்த உடம்பு. 1959-ல் பிலடெல்பியா வாரியர்ஸுக்கு வந்த முதல் வருஷமே ஆட்டத்துக்கு 37.6 பாயிண்ட், 27 ரீபவுண்ட் (ஷாட் தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்து, சிறந்த புதுமுகம், எம்.வி.பி. (சீசனின் மதிப்பு மிக்க ஆட்டக்காரர்) இரண்டையும் ஒரே மூச்சில் வாங்கினார். 1961-62-ல் சராசரி 50.4. அந்த சீசனில் அவர் சராசரியாக ஆடிய நேரம் 48.5 நிமிடம். ஆட்டமே 48 நிமிடம்தான். கூடுதல் நேரமும் சேர்ந்ததால் வந்த கணக்கு இது. மனிதர் பெஞ்சில் உட்காரவே இல்லை. அதே சீசனில், 1962 மார்ச் 2 அன்று, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 100 பாயிண்ட். அதற்கு வீடியோ கிடையாது. இருப்பது ஒரு புகைப்படம்: ஒரு தாளில் ‘100’ என்று கையால் எழுதி, வில்ட் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தாளில் எழுதிக் கொடுத்தவர் ஹார்வி போலக் என்ற கணக்கர். எங்கள் சாதிக்காரர்! டேபிள் சாதி.

அவர் ஆட்டத்தின் வடிவம் எளிமையானது. ரிங்குக்கு அருகே இடம் பிடித்து நிற்பார். மற்ற நான்கு பேரும் பந்தை அவரிடம் சேர்ப்பார்கள். ஒன்று, கையை நீட்டி விரல்களில் உருட்டி ரிங்குக்குள் விடுவார். இல்லையென்றால் பின்னோக்கிச் சாய்ந்து போர்டில் அடித்து உள்ளே அனுப்புவார். இந்தச் சாய்ந்த ஷாட்டை யாராலும் எட்டித் தடுக்க முடியாது. ஆனால் அதை எறிந்து முடிக்கும்போது அவர் ரிங்கைவிட்டு விலகிப் போயிருப்பார். ஷாட் தவறினால் அந்த ரீபவுண்டுக்கு அணியிலேயே உயரமான ஆள் அங்கே இல்லை. ஐம்பது பாயிண்ட் எடுப்பவரிடம் இதை எப்படிக் குறையாகச் சொல்வது என்று பயிற்சியாளர்கள் தயங்கியிருப்பார்கள். நானாக இருந்தாலும் தயங்கியிருப்பேன்.

ரஸ்ஸல் அவரைவிட மூன்று, நான்கு அங்குலம் குட்டை. ஷாட் சுமார். ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு ஐம்பத்தாறு. (வில்ட் அதிலும் மோசம், 51. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் மாதிரிதான்.) எந்த சீசனிலும் அவர் சராசரி 19-ஐத் தொடவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸில் பயிற்சியாளர் ரெட் ஆர்பாக் அவரிடம் கேட்டதும் பாயிண்ட் இல்லை. பந்தை எடுத்துக் கொடு, மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் ஏற்பாடு. 13 சீசன் ஆடினார், 11 கோப்பை.

அவர் பிளாக் செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ரஸ்ஸல் இடக்கைக்காரர். எறிகிறவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். நேருக்கு நேர் நின்றால் அவருடைய இடது கை எறிகிறவனின் வலது கைக்கு எதிரிலேயே இருக்கும். உடம்பைக் குறுக்கே கொண்டுபோக வேண்டியதில்லை, அதனால் ஃபவுலும் குறைவு. பந்து கையைவிட்டுக் கிளம்பும்வரை பொறுப்பார். பிறகு அறைய மாட்டார், தட்டுவார். பந்து மேலே எழும்பி, கோர்ட்டுக்குள்ளேயே, தன் ஆள் நிற்கும் பக்கமாகவோ தன் கைக்கோ வந்து விழும். அது விழுவதற்குள் அவருடைய அணியின் பாப் கூஸி எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பார். இரண்டு பாஸ், ஒரு லே-அப். எதிரணி தன் ரிங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து வலையில் இருக்கும்.

வில்ட் தடுத்தால் பந்து போய் விழும் இடம் ரசிகர் வரிசை. பார்க்க அதுதான் பிரமாதம், அரங்கமே எழுந்து நிற்கும். ஆனால் வெளியே போன பந்து திரும்ப எதிரணிக்கே வந்துவிடுகிறது. உங்கள் இன்றைய தாளில் இரண்டுமே ‘1 பிளாக்’. ஒன்றில் எதிரணியின் இரண்டு பாயிண்ட் போய் நம் கணக்கில் இரண்டு ஏறுகிறது. மற்றதில் எதிரணிக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு. எண்ணியிருந்தாலும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. எண்ணவே இல்லை என்றால் கேட்கவா வேண்டும்?

அதைவிட எண்ண முடியாத ஒன்றும் உண்டு. ரஸ்ஸல் எல்லாப் பந்துக்கும் குதிக்க மாட்டார். சிலதை விட்டுவிடுவார். எதற்குக் குதிப்பார், எதை விடுவார் என்று எறிகிறவனுக்குத் தெரியாது. அந்த அரை நொடி யோசனையில் கை கோணிவிடும். சிலர் உள்ளே வருவதையே நிறுத்திவிடுவார்கள். எறியப்படாத ஷாட்டுக்கு எந்தத் தாளில் கட்டம் இருக்கிறது?

அவர் பின்னால் நிற்கிறார் என்ற தைரியத்தில் மற்ற நான்கு செல்டிக்ஸும் முன்னே பாய்ந்து பந்தைப் பறிக்கப் போவார்கள். ஏமாந்தால் பரவாயில்லை, வீட்டில் ஆள் இருக்கிறது. அந்த அணி பல சீசன்களில் லீக் சராசரிக்கும் கீழான விகிதத்தில்தான் ஷாட் போட்டிருக்கிறது. அப்படியிருந்தும் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு கோப்பை. எறிந்து ஜெயித்த அணி இல்லை அது.

இப்போது 1962-க்கு வாருங்கள். எனக்கு உங்கள் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த வருஷம். வில்ட் 50.4 எடுத்த சீசன். எம்.வி.பி. யார்? ரஸ்ஸல். அந்தக் காலத்தில் எம்.வி.பி.க்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். வருஷத்தின் சிறந்த ஐவர் அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் ஒலிபரப்பாளர்களும். அவர்கள் முதல் அணிக்கு சென்டராக, அதாவது ரிங்குக்கு அருகே ஆடும் நெட்டை ஆளாக, போட்டது வில்டை. ரஸ்ஸல் இரண்டாம் அணி! லீக்கிலேயே மதிப்பு மிக்க ஆட்டக்காரர், ஆனால் சிறந்த சென்டர் இல்லை. 1961-லும் இதே கூத்து. வில்ட் வருவதற்கு முன்னாலேயே, 1958-லும் ரஸ்ஸல் எம்.வி.பி., இரண்டாம் அணி.

நான் இதைப் படிக்கும் விதம் இதுதான். தாளைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஒரு பக்கம். ரஸ்ஸல் நிற்கும்போது உள்ளே நுழைந்து பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்துக்குத் தாளில் இல்லாதது தெரிந்திருந்தது. முழங்கையில், மூச்சில் தெரிந்திருந்தது.

வில்டுக்கு அநியாயம் செய்யக் கூடாது. ரஸ்ஸலுடன் ஆடியவர்கள் பட்டியலை எடுத்தால் ஹால் ஆஃப் ஃபேமில் பாதிச் சுவர் நிறைந்துவிடும். வில்டுக்குப் பல வருஷம் அந்தக் கொடுப்பினை இல்லை. 1960 நவம்பரில் ரஸ்ஸலுக்கு எதிராகவே ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்ட் எடுத்தவர் வில்ட். அந்த எண்ணை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. இருவரும் பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) எட்டு முறை மோதி, ஏழு முறை ரஸ்ஸல் அணி ஜெயித்தது என்பது உண்மை. அதில் நான்கு முறை கடைசி ஆட்டமான ஏழாவது வரை போய், ஒரே கூடையில், இரண்டே கூடையில் முடிந்தவை என்பதும் உண்மை. அப்படி ஓர் ஆட்டத்தை வைத்து ஒரு மனிதனைத் ‘தோற்பவன்’ என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், வில்ட் ஒரே வில்ட் இல்லை. எண்களை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதுவும் தப்பிவிடுகிறது. 1966-67-ல் அலெக்ஸ் ஹானம் பயிற்சியில் அவர் எறிவதைக் குறைத்தார். சராசரி 24-க்கு இறங்கியது; ஆட்டத்துக்கு 7.8 அசிஸ்ட் (மற்றவர் பாயிண்ட் எடுக்கக் கொடுத்த பாஸ்) வந்தது. அவர் அப்போது ஆடிய பிலடெல்பியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் 68 வெற்றி, 13 தோல்வி. கிழக்குப் பிரிவு இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தில் 29 பாயிண்ட், 36 ரீபவுண்ட், 13 அசிஸ்ட் எடுத்து, பாஸ்டனின் எட்டு வருஷ ஆட்சியை முடித்துவைத்தார். அடுத்த சீசனில் லீக்கிலேயே மொத்த அசிஸ்டில் முதலிடம், 702. ஒரு சென்டர்! யாரோ தன்னைப் பந்து பகிரத் தெரியாதவன் என்று சொன்னதற்குப் பதிலாகச் செய்தாரோ என்னவோ. அந்த மனிதருக்கு எண்களோடு ஒரு வீம்பு உண்டு.

1971-72-ல், வில்ட் அப்போது ஆடிய லேக்கர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் பில் ஷார்மன். ரஸ்ஸலோடு செல்டிக்ஸில் ஆடியவர். அவர் முப்பத்தைந்து வயது வில்டிடம் கேட்டது என்ன? ரீபவுண்ட் எடு, தடு, பந்தை உடனே முன்னே அனுப்பு. ஊர் அறிந்த அந்தப் பாஸ்டன் சமையல்தான். வில்ட் சராசரி 14.8-க்கு இறங்கியது. லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்தார்கள், 69-13 என்று சீசனை முடித்தார்கள், கோப்பை எடுத்தார்கள். இறுதிச் சுற்றின் எம்.வி.பி. வில்ட். ஐம்பது எடுத்தபோது வராதது, பதினைந்துக்கு இறங்கியபோது வந்தது. அந்த வருஷம் அவர் எத்தனை பந்தைத் தடுத்தார்? உங்களிடம் பதில் இல்லை. ரஸ்ஸலுக்கு நீங்கள் செய்தது வில்டுக்கும் நடந்திருக்கிறது. அவருடைய மிகச் சிறந்த வேலையும் தாளுக்கு வெளியேதான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்கிறேன்.

சில வருஷம் முன்பு எங்கள் மைதானத்தில் ஓர் இறுதி ஆட்டம். உள்ளூர் அணியில் நெடுநெடுவென ஒரு பையன், பதினேழு வயது இருக்கும். ஷூவின் முன்பக்கம் பிளந்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தான். எறியவே வராது. ஆனால் எதிரணி உள்ளே நுழைந்தால் கை எங்கிருந்தோ முளைக்கும். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு பந்தை விரலால் மேலே தட்டினான். அது பாயிண்ட் கார்டு பையன் கையில் சொன்ன மாதிரி விழுந்தது. அவன் ஓடிப்போய் லே-அப் போட்டான். நான் சிவப்புப் பேனாவால் கார்டு பையன் எண்ணை எழுதி, ஓடும் ஸ்கோரில் கோடு போட்டேன். நெட்டைப் பையனுக்கு எழுத என்னிடம் கட்டம் இல்லை. நாங்கள் எழுதும் தாளில் பாயிண்ட், ஃபவுல், டைம் அவுட் மூன்றுக்குத்தான் இடம். ரீபவுண்டுக்கே இடம் கிடையாது.

உள்ளூர் அணி நான்கு பாயிண்டில் ஜெயித்தது. பரிசளிப்புக்கு முன் சிறப்பு விருந்தினர் டேபிளுக்கு வந்து என்னிடம் கேட்டார்: ‘பெஸ்ட் பிளேயர் யாருப்பா? அதிக பாயிண்ட் யாரு எடுத்தது?’ இரண்டும் ஒரே கேள்வி என்று அவர் நினைத்தார். நானும் தாளைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். கோப்பையும் ஒரு சுவர்க் கடிகாரமும் தோற்ற அணிப் பையனுக்குப் போயின. பந்தல் பிரிக்கும்போது நெட்டைப் பையன் தயங்கித் தயங்கி வந்து, ‘அண்ணே, எனக்கு எவ்ளோ?’ என்றான். தாளைத் திருப்பிக் காட்டினேன். நான்கு பாயிண்ட், மூன்று ஃபவுல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான்.

அந்தத் தாளை எழுதியவன் நான்தான். அதனால் உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவு என்பதும் தெரியும். அன்றிலிருந்து தாளின் பின்பக்கம் பென்சிலில் பிளாக் எண்ணுகிறேன். யாரும் கேட்பதில்லை. எண்ணுகிறேன்.

உங்கள் பரிசுகளின் பெயர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இறுதிச் சுற்று எம்.வி.பி.க்கு 2009 முதல் ரஸ்ஸல் பெயர். நல்ல காரியம். ஆனால் அந்தப் பரிசு முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1969-ல், அவருடைய கடைசி சீசனில். அதுவும் தோற்ற லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. பதினோரு கோப்பை எடுத்தவர் தன் பெயரில் உள்ள பரிசை ஒருமுறைகூட வாங்கியதில்லை. 2022-ல் மற்றப் பரிசுகளுக்குப் பெயர் வைத்தபோது சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு ஒலாஜுவான் பெயர், சிறந்த புதுமுகத்துக்கு வில்ட் பெயர். ஒலாஜுவானுக்கு நான் விரோதி இல்லை; கால் அசைவுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று கேட்கப் போவதும் இல்லை. தடுப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் எண்ணப்பட்ட காலத்துப் பெயராக இருந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் அதிக பிளாக் என்ற உங்கள் சாதனை 17. எல்மோர் ஸ்மித், 1973 அக்டோபர் 28, லேக்கர்ஸ். நீங்கள் எண்ணத் தொடங்கிய முதல் மாதமே! ஐம்பது வருஷம் தாண்டியும் அது அப்படியே நிற்கிறது. லேக்கர்ஸ் ஸ்மித்தைக் கொண்டுவந்தது வில்ட் விட்டுப்போன இடத்துக்கு. கடை திறந்த முதல் மாதத்திலேயே இவ்வளவு வியாபாரம் என்றால், கடை திறப்பதற்கு முன் அந்தத் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று உங்களில் யாருக்கும் தோன்றவில்லையா?

என் கோரிக்கை இரண்டுதான்.

முதலாவது, உங்கள் காப்பகத்தில் மிஞ்சியிருக்கும் அந்தக் காலத்துப் படச்சுருள்களை உட்கார்ந்து பார்த்து, ரஸ்ஸலும் வில்டும் தடுத்த பந்துகளை எண்ணுங்கள். முழு ஆட்டமாக இல்லாவிட்டாலும் இருக்கிற அளவுக்கு. அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்க வேண்டாம், தனியாக வெளியிடுங்கள். எண்ணும்போது தடுத்த பந்து யார் கைக்குப் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆள் போதவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். விடியற்காலை எப்படியும் விழித்திருக்கிறேன், பென்சிலும் இருக்கிறது.

இரண்டாவது, அந்தப் பட்டியல் எங்கே வந்தாலும், பொடி எழுத்தில் இல்லாமல், தலைப்பு எழுத்தின் அளவிலேயே ஒரு வரி சேருங்கள். வாசகத்தையும் நானே தருகிறேன்:

‘இது 1973 அக்டோபரில் தொடங்கும் பட்டியல். ரஸ்ஸலும் சேம்பர்லினும் அதற்கு முன் ஆடினார்கள்.’

இப்படிக்கு,
ஸ்கோர் டேபிளில் இருந்து ஒருவன்